வள்ளலும் உறுப்பினரும்: நாடாளுமன்ற உறுப்பினர் பற்றிய தமிழ் வாழ்த்துமொழி, புந்தோங்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழரின் பொதுவாழ்வில் மிகுதியாக எழுதப்பட்டும் மிகக் குறைவாகத் திறனாயப்பட்டும் வரும் எழுத்துவகை ஒன்று உண்டு. அது மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிய எழுத்து. நாளிதழ்களில் வெளிவரும் பிறந்தநாள் வாழ்த்துகள், தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர்களின் முகப்புரைகள், ஆலயக் குடமுழுக்கு மலர்கள், பாராட்டு விழாக்களில் படித்தளிக்கப்படும் வாழ்த்துமடல்கள் ஆகியன இதனுள் அடங்கும். இவை இலக்கியத் தகுதி உடையன அல்ல என்று ஆய்வாளர் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும், ஒரு சமுதாயம் தன் நாடாளுமன்ற உறுப்பினரை எவ்வாறு எண்ணுகிறது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. இவ்வெழுத்தின் மொழி, உறுப்பினரின் சட்டமியற்றும் பணியை மறைத்து, அவரை வள்ளலாக மட்டுமே காண நம்மைப் பழக்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். புந்தோங்கை நிலைக்களனாகக் கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

புந்தோங்: ஓர் அறிமுகம்

ஈப்போ நகரின் மேற்கே அமைந்த புந்தோங், தமிழர் செறிந்து வாழும் வட்டாரம். எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்து குடியேறியோர் வளர்த்த கச்சாங் பூத்தே தொழிலால் இப்பெயர் நாடெங்கும் அறியப்படும். சுற்றுவட்டார இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் இத்தகைய வட்டாரங்களையே நாடின. நாட்டில் இந்திய வாக்காளர் விகிதம் மிக உயர்ந்த சட்டமன்றத் தொகுதிகளுள் புந்தோங்கும் ஒன்று. ஆனால் அது அடங்கியுள்ள ஈப்போ பாராட் நாடாளுமன்றத் தொகுதியில் இந்தியர் சிறுபான்மையினரே. மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. 2004 முதல் 2022 வரை நடந்த ஐந்து பொதுத்தேர்தல்களிலும் இத்தொகுதியில் வென்ற ஜனநாயகச் செயல் கட்சியின் எம். குலசேகரன், பல இன வாக்காளரின் ஆதரவோடுதான் மக்களவைக்குச் சென்றார்.

எனவே, புந்தோங் தமிழரின் வாக்கு ஒரு தமிழரை மக்களவைக்கு அனுப்பத் துணைபுரிகிறது. தனித்து நின்று அனுப்ப இயலாது. தம்முடைய உறுப்பினர் மக்களவையில் என்ன செய்கிறார் என்பதை வேறு எவரையும்விட நுணுகிக் காணவேண்டியவர்கள் இவர்களே. வாழ்த்துமொழியோ அவர்தம் கண்ணை வேறு திசையில் திருப்புகிறது.

வாழ்த்துமொழியின் இயல்பு

மேற்குறித்த வாழ்த்துரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவே: கொடை, அள்ளித் தருதல், கருணை, காவலர், அடலேறு, தலைவர். நீண்டகாலம் பொதுப்பணி அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த ச. சாமிவேலுவுக்குத் தமிழ் ஏடுகள் வழங்கிய அடைமொழி ‘தானைத் தலைவர்’ என்பது. தானை என்பது படை. வாக்குப் பெற்று அவைக்குச் செல்பவருக்குப் படைத்தலைவர் பட்டம் பொருந்துமா என்னும் வினா எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. படைக்கு உரியது கட்டளையும் கீழ்ப்படிதலும். அவைக்கு உரியது வினாவும் விடையும். அடைமொழி ஒன்றே இவ்விரண்டையும் இடம்மாற்றி வைத்துவிடுகிறது.

இம்மொழி புதிதன்று, பாடாண் திணையின் வழிவந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் பாடாண் துறைகளுள் கொடுப்போரை ஏத்துவதும் கொடாதாரைப் பழிப்பதும் ஒன்று. நெடுந்தொலைவு நடந்துவந்த வருத்தத்தை வாயில் காவலருக்கு உரைக்கும் கடைநிலை மற்றொன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழிகூறுவது அவற்றின் அமைப்பு. இன்று உறுப்பினரின் சேவை மையத்து முன்கூடத்தில் மனுவோடு காத்திருப்போர் கடைநிலையில் நிற்கின்றனர். உதவி பெற்று மீண்டவர், ‘நீங்களும் போய்ப் பாருங்கள், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்’ என்று அண்டை வீட்டாரிடம் கூறுவது ஆற்றுப்படையே. மரபின் தொடர்ச்சி என்ற அளவில் இது வியப்புக்குரியது. ஆயின் வேந்தன் தந்தது அவன் பொருள். உறுப்பினர் தருவது எவர் பொருள்? இவ்வினாவைப் பாடாண் மொழி கேட்க விடுவதில்லை.

வள்ளல் உருவான காரணங்கள்

இப்பழக்கத்துக்கு மக்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. அதற்கு நிறுவனக் காரணங்கள் உள்ளன. முதலாவது, ஊராட்சித் தேர்தல் இல்லாமை. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்வழி அவை அறவே ஒழிந்தன. அதற்குமுன் ஈப்போ நகர மன்றத்தில் மக்கள் முற்போக்குக் கட்சி வாக்குவழியே ஆட்சி செலுத்தியது. கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரை வாக்கால் தண்டிப்பது என்பது அன்றைய வாக்காளருக்குத் தெரியும். இன்றைய மாநகர் மன்ற உறுப்பினர் நியமனம் பெற்றவர். மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர் அல்லர். ஆகவே கால்வாயும் தெருவிளக்கும் நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைக்கு வந்து சேர்கின்றன.

இரண்டாவது, அதிகாரப் பகிர்வு பற்றிய தெளிவின்மை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் பொறுப்பு. வீட்டுமனைப் பட்டாவோ, ஆலய நிலமோ, பள்ளிக்கான மனையோ நாடாளுமன்ற உறுப்பினரால் வழங்கத்தக்கன அல்ல. அவர் கடிதம் எழுதலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரை பலித்தால் அது அவருடைய கொடையாகப் பாடப்படுகிறது. பலிக்காவிடில் கொடாதவர் என்ற பழி சேர்கிறது. முடிவெடுத்த மாநில அரசோ இரு பாட்டிலும் இடம்பெறுவதில்லை.

மூன்றாவது, தொகுதி ஒதுக்கீடு. அரசின் பணமாகிய இவ்வொதுக்கீடு எதிர்க்கட்சி உறுப்பினருக்கு நீண்டகாலம் வழங்கப்படவில்லை. 2008இல் சுங்கை சிப்புட் தொகுதியில் சாமிவேலுவை வென்ற டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ், இம்மறுப்பை எதிர்த்து 2010இல் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு வெற்றி பெறவில்லை. வரி செலுத்தும் தொகுதி மக்களின் பங்கு, ஆளுவோர் விரும்பினால் மட்டும் கிட்டும் பரிசிலாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாடப்படாத பணிகள்

இதே பேராக் மாநிலத்தில் வேறுவகை உறுப்பினரையும் காண்கிறோம். டி. ஆர். சீனிவாசகம் 1959, 1964 ஆகிய தேர்தல்களில் ஈப்போ தொகுதியில் வென்றவர். 1969 மார்ச்சில் மறையும்வரை அத்தொகுதியின் உறுப்பினர். அவர் மக்களவையில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றச்சாட்டை எழுப்பினார். அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது என்பது அரசியலமைப்பின் 63ஆம் விதி தரும் பாதுகாப்பு. அப்பாதுகாப்பை விட்டு வெளியே வந்து அவர் அதனையே மீண்டும் கூறினார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்று, 1965இல் பதவி விலகினார். ஈப்போவில் சீனிவாசகத்தின் பெயரால் ஒரு பூங்கா உள்ளது. அங்கு உலவும் தமிழருள் எத்துணைப் பேருக்கு இவ்வரலாறு தெரியும்? கொடை பாடும் மொழியில் வினா எழுப்பியவருக்கு இடமில்லை.

சுங்கை சிப்புட்டைச் சார்ந்த துன் வீ. தி. சம்பந்தனின் நிலையும் ஒருவகையில் இதுவே. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதன் முதல், பால்மரத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து செலுத்திய பங்குப்பணம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று அவர்களை ஒன்றுசேர்த்தார்; அதுவே அவருடைய பெருமை. நினைவுரைகளிலோ அவர் தொழிலாளருக்குத் தோட்டம் ‘வாங்கித் தந்தவர்’ ஆகிவிடுகிறார். பணம் கொடுத்தவர் பெறுநராகவும், ஒன்றுசேர்த்தவர் கொடைஞராகவும் மாறிவிடுகின்றனர். இம்மாற்றத்தால் தொழிலாளர் தம் வரலாற்றை இழக்கின்றனர்; சம்பந்தனும் தமக்குரிய உண்மையான புகழை இழக்கிறார்.

அண்மைக்காலத்துக்கு வருவோம். ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாய், தம் இசைவின்றிப் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவருடைய வழக்கறிஞருள் குலசேகரனும் ஒருவர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், பெற்றோர் இருவர் இசைவையும் கட்டாயமாக்கும் 88ஏ பிரிவு, திருமண, மணமுறிவுச் சட்டத் திருத்த மசோதாவிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2017 ஆகஸ்டில் அப்பிரிவு இன்றியே மசோதா மக்களவையில் நிறைவேறியது. தீர்ப்பைப் பற்றி எழுதிய அளவு, மீட்டுக்கொள்ளப்பட்ட பிரிவைப் பற்றி நாம் எழுதினோமா? சட்டம் உருவாகும் இடத்தை விட்டுவிட்டு அதன் விளைவு தோன்றும் இடத்தில் மட்டுமே நம் கவனம் தங்கிவிடுகிறது.

சிவப்பு அடையாள அட்டை

இக்கவனக்குறைவின் விலை என்ன என்பதை 2024 காட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார் நெடுங்காலம் போராடிக் கேட்ட உரிமையை அது வழங்கியது, வரவேற்கத்தக்கது. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் இருந்தது. நிரந்தரக் குடியிருப்பாளராகிய பெற்றோருக்கு இந்நாட்டில் பிறக்கும் பிள்ளை, பிறப்பினாலேயே குடியுரிமை பெறும் வழி நீக்கப்பட்டது. நிரந்தரக் குடியிருப்பாளர் என்பது சட்டச்சொல். சிவப்பு அடையாள அட்டைக்காரர் என்றால் பேராக் தோட்டப்புற மக்களுக்கு உடனே விளங்கும். உரிய காலத்தில் பத்திரம் எடுக்கத் தவறிய தோட்டக் குடும்பங்களில் இவ்வட்டையோடு மூத்தோர் பலர் வாழ்ந்து மறைந்தனர்; இன்னும் வாழ்வோரும் உளர்.

அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 222 உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 148 பேர், ஆதரவளிக்க வேண்டும். அவ்வாக்குகள் பெயர்வாரியாகப் பதிவு செய்யப்படுகின்றன. யார் ஆதரித்தார், யார் இப்பிரிவைப் பற்றி வாய்திறந்தார், என்ன காரணம் கூறினார் என்பனவெல்லாம் மக்களவையின் அதிகாரபூர்வ அறிக்கையில் உள்ளன, எவரும் படிக்கலாம். ஆதரித்தோர் தக்க காரணம் கூறியிருக்கலாம். ஒரு நன்மைக்காக மற்றொன்றை விட்டுக்கொடுத்திருக்கலாம். அதனை எடைபோடுவது வாக்காளரின் உரிமை. ஆனால் எடைபோடுவதற்கான தமிழ் உரைநடை நம்மிடம் வளரவில்லை. ஓர் உறுப்பினர் பள்ளி மண்டபத்துக்கு நாற்காலி வழங்கிய செய்தி படத்தோடு நமக்குக் கிடைக்கிறது. ஒரு தலைமுறையின் குடியுரிமை பற்றி அவர் அளித்த வாக்கைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கு மற்றொரு மயக்கத்தையும் சுட்டுவது தகும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் அவையில் இந்திய உறுப்பினர் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். அரசியல் அறிஞர் ஹன்னா பிட்கின் 1967இல் வெளியிட்ட பிரதிநிதித்துவம் பற்றிய நூலில், நம்மை ஒத்திருப்பவர் என்பதையும் நமக்காகச் செயற்படுபவர் என்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னதை எண்ணிக்கையால் அறியலாம். பின்னதைப் படித்தே அறிய இயலும்.

செவியறிவுறூஉ: மரபு தரும் அளவுகோல்

இதற்கு மாற்று அயல்நாட்டுக் கோட்பாட்டில் மட்டுமே உள்ளது என்று கருத வேண்டியதில்லை. பாடாண் திணையிலேயே செவியறிவுறூஉ என்னும் துறை உள்ளது. ஆள்வோன் செவியில் அறிவுரை புகுத்துவது அது. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் வரி கொள்ளும் முறையைப் பற்றியே பேசினார், பரிசில் கேட்கவில்லை. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் பாடி நிலவரி நிலுவையை நீக்கிக்கொண்டதாகப் புறநானூற்றுக் குறிப்பு கூறும். இருவரும் எடுத்துக்கொண்டது ஆட்சிக் கொள்கையை. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவை விதித்தன. அவ்வூராட்சியில் பங்கேற்கும் உரிமை சிலருக்கே இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும், பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் தமிழுக்கு இரவலாக வந்ததன்று என்பது தெளிவு.

புந்தோங் மக்களுக்கும் இவ்வெண்ணம் அயலானதன்று. 2020 மார்ச்சில் பேராக் மாநில ஆட்சி மாறியபோது, புந்தோங் சட்டமன்ற உறுப்பினர் தாம் வென்ற கட்சியைவிட்டு விலகினார். அப்போது எழுந்த சினம், கொடை கிட்டாதவரின் சினம் அன்று. தாம் ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்டவரின் சினம். கட்சி தாவும் மக்களவை உறுப்பினர் பதவி இழப்பார் என்னும் 49ஏ விதி 2022 அக்டோபர் 5 அன்று நடப்புக்கு வந்ததற்கு, நாடெங்கும் எழுந்த இத்தகைய சினமே பின்புலம் எனலாம்.

நிறைவாக

வாழ்த்துமடல்கள் ஒழிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. நன்றி கூறுதல் பண்பாடு. நன்றிக்கு அருகில் வினாவும் இடம்பெற வேண்டும் என்றே கூறுகிறோம். மக்களவை அறிக்கை மலாய்மொழியில் உள்ளது. அதனைத் தமிழில் சுருக்கித் தருவதும், வாக்குப்பதிவை ஆண்டுதோறும் தொகுப்பதும், இந்திய ஆய்வியல் பயிலும் மாணவருக்கு ஏற்ற ஆய்வுப்பணிகள். தமிழ்ப்பள்ளி ஆண்டுமலரில் உறுப்பினரின் வாழ்த்துச் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில், கல்வி குறித்து அவர் அவ்வாண்டு மக்களவையில் கேட்ட வினாக்களை அச்சிடலாம். அப்பக்கம் வெறுமையாக இருக்க நேர்ந்தால், அவ்வெறுமையும் ஒரு செய்தியே.