குறட்டை அடங்கினால் போதுமா? உறக்க மூச்சுத்தடைக்கான வாய்க்கருவியின் நீண்டகாலப் பயன்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைத்துக்கொள்வதே ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கே நோயின் கடுமையைச் சொல்லும்: 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றைச் செலுத்தி அந்த வழியைத் திறந்து வைக்கிறது. வாய்க்கருவியோ இரு பல்வரிசைகளையும் கவ்விக்கொண்டு கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துகிறது. தாடையோடு நாக்கும் முன்வருவதால் தொண்டையில் இடம் உண்டாகிறது.

ஆற்றலை மட்டும் பார்த்தால் சிபாப்தான் மேல். 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஒரு மாதச் சிகிச்சைக்குப் பின் மூச்சுத்தடை எண் சிபாப்பில் சுமார் 4.5, வாய்க்கருவியில் 11 என்று இருந்தது. ஆனால் நோயாளிகள் சிபாப்பை இரவுக்கு 5.2 மணி நேரமும் வாய்க்கருவியை 6.5 மணி நேரமும் அணிந்தார்கள். இரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் வாய்க்கருவி பின்தங்கவில்லை. கழற்றி வைக்கப்பட்ட வலிய கருவியைவிட, விடியும்வரை வாயில் இருக்கும் எளிய கருவி அதிகப் பயன் தருகிறது என்பதே இதன் பொருள். மின்வெட்டு அதைப் பாதிக்காது. பயணத்தில் சட்டைப்பையிலேயே அடங்கும்.

இந்தச் சாதகமான முடிவு ஒரு மாதத்துக்குரியது. பத்து ஆண்டுக் கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 103 பேரை இரு கருவிகளுக்கும் பிரித்துத் தொடங்கிய ஆய்வில், பத்தாண்டுக்குப் பின் கணக்கில் எடுக்க முடிந்தவர்கள் 31 பேர் மட்டுமே. அவர்களிடம் இரு கருவிகளும் பலன் தந்தன. ஆனால் விலகிப்போனவர்களின் நிலை அந்த எண்ணுக்குள் இல்லை. நிலைத்து நின்றவர்களின் நன்மையை அனைவருக்கும் உரியதாகப் படிப்பது பிழை. சுவீடனில் ஏறக்குறைய 16 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட ஒரு சிறு குழுவில் வாய்க்கருவியின் பலன் காலப்போக்கில் வெகுவாகக் குறைந்திருந்தது. வயது கூடுகிறது, எடை ஏறுகிறது, கருவி தேய்கிறது. முதல் ஆண்டில் போதுமாயிருந்த தாடை நகர்வு பிறகு போதாமல் போகிறது.

பற்களும் விலை கொடுக்கின்றன. கனடாவின் வான்கூவரில் சராசரியாக 11 ஆண்டுகள் கருவி அணிந்த 77 பேரை அளந்தபோது, மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி நீண்டிருக்கும் இடைவெளி 1.9 மில்லிமீட்டரும், அவற்றை மேலிருந்து மூடும் அளவு 2.3 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. மாற்றம் ஓரிடத்தில் நின்றுவிடவும் இல்லை. பலருக்கு இது உறுத்துவதில்லை என்றாலும், கடிவாய் மாறக்கூடும் என்பதை அளவெடுக்கும் முன்பே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பட்டையில் இந்த நிறைகுறைகள் வேறு கனம் பெறுகின்றன. வேலூர்ப் பகுதியில் இருபதாண்டு இடைவெளியில் நடந்த கணக்கெடுப்புகள், உடற்பருமனும் நீரிழிவும் ஏறியிருப்பதையும், அந்த ஏற்றம் கிராமங்களில் இன்னும் கூர்மையாக இருப்பதையும் காட்டின. இவ்விரண்டும் உறக்க மூச்சுத்தடையின் கூட்டாளிகள். நீரிழிவும் புகையிலையும் ஈறுகளைத் தின்னும்போது, கருவியைத் தாங்கும் பற்கள் ஆடத் தொடங்குகின்றன. டேனரித் தூசும் ஷூ கம்பெனிப் பசையின் ஆவியும் மூக்கை உறுத்தக்கூடியவை. மூக்கடைப்பு இருந்தால் வாய்க்கருவியின் பலன் குறைகிறது. எனவே ஈறும் மூக்கும் பார்க்காமல் தாடைக்கு அளவெடுப்பது அரைகுறை மருத்துவமே.

மலிவு நாடி வாங்கும், வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் ஆயத்தக் கருவிகள் அளவெடுத்துச் செய்த கருவிக்கு மாற்றாகா. இரண்டையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில், அளவெடுத்துச் செய்த கருவி 60 விழுக்காட்டினரிடமும் ஆயத்தக் கருவி 31 விழுக்காட்டினரிடமும் வெற்றி பெற்றது.

மிகப் பெரிய குறை கருவியில் இல்லை, அதைக் கொடுத்தபின் நடப்பதில் இருக்கிறது. குறட்டை அடங்கியதும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். ஷிப்டுக் கூலியை இழந்து மறுபடி மருத்துவமனைக்கு வரக் காரணம் இல்லாமல் போகிறது. ஆயினும் குறட்டை இல்லாமலே மூச்சு நிற்கலாம், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கலாம். லேசான, நடுத்தர நோய்க்கும், சிபாப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வாய்க்கருவியை ஏற்கும் 2014ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டுதலை அதன் போக்கிலேயே பின்பற்றலாம். ஆனால் பொருத்தியபின் கருவியுடனே மறு உறக்கப் பரிசோதனை, ஆண்டுதோறும் பல், எடைச் சோதனை, எடை ஏறினால் மீண்டும் ஓர் இரவுப் பரிசோதனை ஆகியவை சிகிச்சையின் விலையிலேயே சேர வேண்டும். ஆம்பூர் தொழிலாளி இதற்காக ஒவ்வொரு முறையும் வேலூருக்கு வரத் தேவையில்லை. வீட்டிலேயே விரலில் மாட்டி ஓர் இரவின் ஆக்சிஜன் அளவைப் பதியும் சிறு கருவி முதல் வடிகட்டலுக்குப் போதும். அதில் ஐயம் எழுந்தவர்களை மட்டும் முழுப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.