200 மீற்றர் ஆழத்தில் ஒரு பாசிக்குடா

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கடல் உண்டாக்குவது எளிது. ஒரு தளத்தை எடுத்து ‘ஓஷன்’ மொடிபையரைச் சேர்த்தால் அலை எழுந்துவிடும். ஆனால் அதன் அமைப்புப் பெட்டியில் முன்கூட்டியே நிரப்பியிருக்கும் எண்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: ஆழம் 200 மீற்றர், காற்று செக்கனுக்கு 30 மீற்றர், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற ஒரு சூறாவளி வந்தால்தான் இலங்கையின் கிழக்குக் கரை அப்படியொரு காற்றைக் காணும். அங்குள்ள பாசிக்குடாவிலோ கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அந்த எண்களைத் தொடாமல் விட்டால் திரையில் அழகான கடலொன்று கிடைக்கும், பாசிக்குடா கிடைக்காது. ஆழமற்ற நீருக்கென்று ‘டிஎம்ஏ’ என்ற தெரிவும் அதே பெட்டியில் உண்டு. அதுகூட எங்கும் ஒரே ஆழம் என்றே எடுத்துக்கொள்ளும். முருகைக்கல்லில் மோதி உடையும் அலையை மாணவர்தான் தனியே செய்யவேண்டும்.

கணினி வரைகலை படிப்பவர்களுக்கு இயற்கைக் காட்சியொன்றை முப்பரிமாணத்தில் அமைக்கச் சொல்வது உலகெங்கும் வழமையான செயற்றிட்டம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் மாவட்டத்தில், வாவியும் கடலும் அருகருகே கிடக்கும் நிலத்தில், இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு இல்லை என்றுகூடச் சொல்லலாம். கருவியின் விலையும் தடையாக இல்லை. 2002இல் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த ஒரு லட்சம் யூரோவால் கட்டற்ற மென்பொருளாக விடுவிக்கப்பட்டது பிளெண்டர். வெள்ளத்தில் மூழ்கிய உலகில் ஒரு பூனை அலையும் ‘ஃப்ளோ’ என்ற லத்வியப் படம் அதிலேயே உருவாகி 2025இல் ஒஸ்கார் வென்றது. வாழைச்சேனையில் இருக்கும் மாணவருக்கும் அதே மென்பொருள் இலவசம். நல்ல கிராபிக்ஸ் கார்ட் இலவசமில்லை என்பது வேறு கதை.

இந்தப் பயிற்சியின் உண்மையான பலம், அது கேள்வி கேட்பதில் இருக்கிறது. நீர்வர்ணத்தில் வரைபவர் தெரியாத இடத்தை மூட்டமாகக் கரைத்துவிடலாம். முப்பரிமாணத்தில் அப்படித் தப்ப முடியாது. மணல் எத்தனை பாகை சரிகிறது? தென்னை எந்தப் பக்கம் சாய்கிறது? சூரியன் எங்கே நிற்கிறது? பாசிக்குடா ஏறத்தாழ வட அகலக்கோடு 7.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவுக்குச் சற்று முன்பும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தென்னையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டுவிடும். பிளெண்டரின் ‘சன் பொசிஷன்’ இணைப்பில் இடத்தையும் நாளையும் கொடுத்தால் இதைக் கண்ணால் காணலாம். பூகோளப் புத்தகத்தில் மனனம் செய்த பாடம் இங்கே நிழலாக வந்து விழுகிறது.

ஆனால் கேள்விக்கு மாணவர் பதில் சொல்லாவிட்டால் மென்பொருள் தானே பதில் சொல்லிவிடுகிறது. குறை இங்கேதான் தொடங்குகிறது. வானத்துக்கு இலவச நூலகமொன்றிலிருந்து 360 பாகைப் படத்தை இறக்குவார்கள். ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் எடுத்த வானங்கள் அங்கே ஏராளம். பொன்னிற அந்தி வானமொன்றைத் தெரிந்து கடலின் மேல் வைத்தால் படம் மின்னும். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், தரைப்பக்கம் மறையும் என்பது அந்த மினுக்கத்தில் தொலைந்துபோகும். மரங்களின் கதையும் இதுதான். ‘சாப்ளிங்’ என்ற மரமாக்கியில் ஆயத்தமாக இருப்பவை ஜப்பானிய மேப்பிள், வெள்ளை பர்ச், வில்லோ, டக்ளஸ் ஃபிர் போன்றவை. வாவிக்கரைக் கண்டலின் ஊன்றுவேர், மணலைப் பிடித்துப் படரும் அடம்பன் கொடி, காற்றில் உருளும் இராவணன் மீசை ஆகியவற்றை மாணவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் செய்யவேண்டும்.

நிலத்துக்கு வருவோம். பலரும் நாடுவது எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ராடாரால் பூமியின் பெரும்பகுதியை அளந்து தந்தது அது. ஏறக்குறைய 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. பெரிய மேடுபள்ளங்களைக் காட்ட அது போதும். கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் மட்டக்களப்புக் கரையில் அதன் பிழையே பல மீற்றர் வரலாம். தென்னந்தோப்பின் தலை நிலமேடாகத் தெரியலாம். அதைவிட முக்கியம் அந்த ஆண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும், போருக்குப் பின் குடாவைச் சுற்றி எழுந்த ஹோட்டல்களுக்கும் முந்திய நிலம் அது. மாணவர் அறியாமலே ஒரு பழைய கரையின்மேல் புதிய கட்டடங்களை நட்டுவிடுகிறார்.

பழைய கரையைக் கட்டும் இந்தத் தவறையே வேண்டுமென்று செய்தால் அது சிறந்த செயற்றிட்டமாகிவிடும் என்பது என் எண்ணம். 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது இலங்கையின் ஆழமற்ற முருகைக்கற்கள் பெரும்பகுதி வெளிறி மடிந்தன. அதற்கு முந்திய கடலடியை முதியவர்களிடம் கேட்டு, பழைய புகைப்படங்களைத் தேடி ஒரு மாணவர் கட்டியெழுப்பினால், அதைச் செய்ய முப்பரிமாணத்துக்கு நிகரான ஊடகம் இல்லை. இங்கும் ஒரு பொறி உண்டு. நூலகங்களில் கிடைக்கும் முருகைக்கல் மாதிரிகள் செம்மஞ்சளும் ஊதாவுமாகப் பளபளக்கும். எது சான்றிலிருந்து வந்தது, எது நிரப்பப்பட்டது என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. ஓவியத்தில் ஊகம் ஊகமாகவே தெரியும். ஒளியும் நிழலும் கணக்கிட்டுப் போட்ட படத்தில் ஊகமும் ஆவணம் போல் நிற்கும்.

கலைக்கு ஏன் இத்தனை கணக்கு, மாணவர் கற்பனை செய்யக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். பாசிக்குடாவுக்கு இரண்டு சூரியன் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, வைத்தவர் ஏன் வைத்தார் என்று சொல்வாரானால். 200 மீற்றர் ஆழத்தை எவரும் கற்பனை செய்யவில்லை. அது பெட்டியில் கிடந்தது. 1980இல் போயிங் நிறுவனத்தில் வேலைசெய்துகொண்டே ‘வொல் லீப்ர்’ என்ற இரண்டு நிமிடப் படத்தில் பிராக்டல் மலைகளின் மேல் பறந்து காட்டிய லோரன் கார்ப்பெண்டருக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. மலையாக்கும் முறையையே அவர் எழுதவேண்டியிருந்தது. அந்த முறைக்கான விதிகளைத் தெரிந்தே வைத்தார். இன்றைய வசதி அந்தத் தெரிவை மறைத்துவிட்டது.

புள்ளியிடும் முறையும் இதற்குத் துணைபோகிறது. இறுதிப் படத்தை மட்டும் பார்த்துப் புள்ளி கொடுத்தால், பளபளப்பே வெல்லும். மாரிகாலப் பாசிக்குடாவைச் செய்ய யாரும் முன்வரமாட்டார்கள். வாடைக்காற்றும் கலங்கிய நீரும் தாழ்ந்த சாம்பல் வானமும் செய்வதற்குக் கடினம். கலங்கல் நீரில் ஒளி சிதறுவதைக் கணக்கிட ரெண்டரிங் நேரமும் கூடும். முடிவில் படம் எடுப்பாகவும் இராது.

நான் புள்ளியிடுவதானால் 100இல் 40 மட்டுமே படத்துக்குக் கொடுப்பேன். மிச்சம் 60 ஒரு கள ஏட்டுக்கு: ஆழம் எங்கே எப்படி அளந்தது, காற்று எந்த மாதத்தது, எந்த மரத்தை எங்கே பார்த்தது, எந்த எண்ணை மாற்றாமல் விட்டது, ஏன் விட்டது. கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழம் பார்க்க, மாணவரிடம் கிராபிக்ஸ் கார்ட் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.