பிலிப்பைன்ஸ் மக்கள் பாடலும் ஜோயி ஆயாலாவும்

பிலிப்பைன்ஸில் அரசியல் பாட்டு முதலில் காதல் பாட்டின் உடையில்தான் வெளியே வந்தது. 'குந்திமான்' என்பது தகலாக் மொழியின் காதற்பாட்டு வகை. மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் மெல்ல நகரும். கைகூடாத காதலை நினைத்து உருகும். ஸ்பானியர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளிலும் அதையடுத்த அமெரிக்கர் ஆட்சியிலும் அந்தக் காதலி தாய்நாடுதான் என்பது பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் புரிந்தே இருந்தது. தணிக்கைக்காரருக்கும் புரிந்திருக்கும், காதல் மேல் என்ன வழக்குப் போடுவது?

இந்த மரபில் வந்தது 'பாயான் கோ' (என் நாடு). கொன்ஸ்தான்சியோ தெ குஸ்மான் இசையமைக்க, கவிஞர் ஹோசே கொராசோன் தெ ஹேசுஸ் 1920களின் இறுதியில் தகலாக் வரிகளை எழுதினார். கூண்டில் அடைபட்ட பறவைதான் அதன் மையப் படிமம். 1972 செப்டம்பரில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்த பின் அதைப் பொதுவில் பாடத் தடை இருந்தது. 1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு தடையை யாரும் பொருட்படுத்தவில்லை. 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் திரண்டு மார்க்கோஸை நாட்டைவிட்டு ஓடச் செய்த கூட்டத்தின் வாயில் இருந்தது இந்தப் பாட்டுதான்.

இடைப்பட்ட காலத்தில் கிதார் வந்து சேர்ந்தது. 1970களில் மணிலாவின் இசை விடுதிகளில் அமெரிக்க நாட்டார் பாடல்களைப் பாடிப் பழகிய இளைஞர்கள் மெல்லச் சொந்த மொழிக்குத் திரும்பினர். ஹேபர் பார்த்தொலோமே வறுமையால் உடலை விற்கும் பெண்ணைப் பாடினார். 'ஆசின்' (உப்பு) குழு மின்டனாவ் தீவின் உள்நாட்டுச் சண்டையையும் மாசடைந்த ஆறுகளையும் பாடியது. 1978இல் 'அனாக்' (பிள்ளை) பாடலால் உலகப் புகழ் பெற்ற ஃப்ரெடி அகிலார், பின்னர் 'பாயான் கோ'வைப் பதிவு செய்து அதன் குரலாகவே ஆனார். ஆனால் அதே அகிலார் 2016 அதிபர் தேர்தலில் ரொட்ரிகோ துத்தெர்த்தேக்காகப் பிரசாரம் செய்தார். அந்த துத்தெர்த்தேயின் ஆட்சியில்தான் மார்க்கோஸின் உடல் மாவீரர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பாட்டின் அரசியலும் பாடகரின் அரசியலும் ஒரே வழியில் போக வேண்டிய கட்டாயம் இல்லை போலும்.

இவர்களிடையே ஜோயி ஆயாலா தனித்து நிற்கிறார். 1956இல் பிறந்த அவர் தலைநகரை விட்டு வெகுதொலைவில், மின்டனாவின் தாவாவ் நகரில் இருந்து பாடத் தொடங்கியவர். அவருடைய குழுவின் பெயர் 'பாகோங் லூமாட்'. லூமாட் என்பது மின்டனாவின் பூர்வகுடிகளைக் குறிக்கும் சொல். பெயரின் பொருள் 'புதிய மண்ணின் மைந்தர்'. 1982இல் வந்த முதல் ஒலிநாடா 'பாங்கானாய் நாங் ஊமாகா' (விடியலின் தலைப்பிள்ளை).

அவருடைய பாட்டில் கிதாரோடு ஹெகலோங் சேர்ந்தது. படகு போல் நீண்ட உடலும் இரண்டே தந்திகளும் கொண்ட இந்த வாத்தியம் மின்டனாவின் பூர்வகுடிகளில் ஒருவரான தெபோலி மக்களுடையது. ஒரு தந்தி சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றதில் மெட்டு ஓடும். கூபிங் என்ற மூங்கில் மோர்சிங்கும் குலின்தாங் என்ற வெண்கலக் குமிழ்மணி வரிசையும் உடன் வந்தன. காடும் நிலமும் பறிபோய்க்கொண்டிருந்த மக்களின் வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவருவதே ஓர் அரசியல் நிலைப்பாடு. அந்தக் குடிகளில் பிறக்காத ஒருவர் அவர்கள் இசையைக் கையாளலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயாலா அதை அலங்காரமாக ஒட்டவைக்காமல் மெட்டின் எலும்பாகவே வைத்துக்கொண்டார் என்பதை அவர் பக்கம் சொல்லலாம்.

சொல்முறையிலும் அவர் குரல் உயர்த்துவதில்லை. இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி வெறிச்சோடிய ஒரு கிராமத்தைப் பற்றியது 'சாந்தா ஃபிலொமேனாவில் இனி ஆளில்லை'. அதில் மோதல் காட்சி எதுவும் விரிவதில்லை. ஊரின் மேல் தனியாக ஒரு பறவை போகிறது. 'கரானிவாங் தாவோ' (சாதாரண மனிதன்) பாட்டில் சுற்றுச்சூழலைக் கெடுப்பது பெருமுதலாளி மட்டுமல்ல. பாடுகிறவனின் வண்டிப் புகையும் சலவைத்தூள் நுரையும்கூட. கேட்பவரையே குற்றக் கூண்டில் நிறுத்தும் இப்படிப்பட்ட பாட்டு, எதிரியை மட்டும் சுட்டும் பாட்டை விட அரிது; கடினமும்கூட.

1986க்குப் பின் பகைவர் மாறினாலும் பாட்டுக்கு வேலை குறையவில்லை. 'புக்லோட்' குழுவின் ரோம் தொங்கெத்தோ எழுதிய 'தாத்சூலோக்' (முக்கோணம்), உச்சியில் சிலரும் அடியில் பலருமாக இருக்கும் சமூகத்தை ஒரு வடிவத்தில் அடக்கியது. 2007இல் 'பாம்பூ' ராக் குழு அதைப் புதுப்பித்தபோது, பழைய போராட்டத்தை அறியாத தலைமுறை அதை மனப்பாடம் செய்தது. புக்லோட்டில் இருந்த நோயல் கபாங்கோன் பிற்காலத்தில், வரிசையில் நிற்பதையும் வாக்கை விற்காதிருப்பதையும் பாடினார். அமைப்பை மாற்றச் சொன்னவர் நடத்தையை மாற்றச் சொல்வது இறக்கம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயாலாவோ இன்னும் துணிச்சலான இடத்தில் கை வைத்தார். பிலிப்பைன்ஸ் தேசிய கீதம் நாட்டுக்காக உயிர்விடுவதில் முடிகிறது. அங்கே 'இறப்பது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நேசிப்பது' என்ற சொல்லை வைக்கலாம் என்று 2013இல் மேடையில் பாடியே காட்டினார். கீதத்தின் வரிகளையும் பாடும் முறையையும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அந்தச் சொல் மாற்றப்படவில்லை.