கயிறு கட்டிய கதவு

ஏழாயிரம்பண்ணையில் காலை ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களைப் பார்க்கலாம். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். ஒரு வேனின் பக்கக் கதவை டிரைவர் நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

'என்னண்ணே இது?'

'புதுசா வந்தப்பவே பூட்டு இப்படித்தான் சார். பள்ளத்துல தூக்கிப் போட்டா தானா திறந்துக்கும். பக்கத்து ஊர் வண்டியிலயும் இதே கதைதான்.'

'யார்கிட்டயாவது சொன்னீங்களா?'

'மெக்கானிக்கிட்ட சொன்னேன். அவர்தான் கயிறு குடுத்தாரு.'

அப்போது என் பையில் இருந்தது ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்'. பாதிப் புத்தகம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வறட்சி. முதல் அத்தியாயத்தில் அவர் கிழித்த கார்வேர் காரை 1972-ல் அரசாங்கமே சோதித்து, 'அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை' என்றது. அதனால் நேடர் தோற்றார் என்பவர்கள் மற்ற அத்தியாயங்களைப் படிக்காதவர்கள். புத்தகத்தின் உயிர் 'இரண்டாவது மோதல்' என்கிற விஷயத்தில் இருக்கிறது. கார் எதிலாவது மோதுவது முதல் மோதல். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கிலும் டாஷ்போர்டிலும் மோதுவது இரண்டாவது. முதலாவதற்கு டிரைவர் காரணமாக இருக்கலாம். இரண்டாவதில் ஆள் பிழைப்பானா என்பது காரை வரைந்த மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பி, 1966-ல் செனட்டில் மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் வாகனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

இதை இந்த ஊரில் படிக்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது. இங்கே வெடிவிபத்து நடந்தால் முதல் வரி 'உராய்வு', இரண்டாவது வரி 'தொழிலாளியின் கவனக்குறைவு'. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும், அறைகளை உள்குத்தகைக்கு விட்ட பேச்சு பிறகுதான் வந்தது. நேடர் பட்டாசு பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் அவருக்கு இந்த ஊர் புரிந்திருக்கும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரலிலிருந்து விதிகளும் அமலில் உள்ளன. ஆனால் ஒரு மாடலின் உரிமையாளர்களில் இத்தனை சதவீதம் பேர் புகார் செய்ய வேண்டும் என்று கணக்கு. சோதனை நிலையமோ 'வேறு எந்த வழியோ' சொன்னாலும் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, நல்ல வரி. அந்த வேறு வழி எங்கே இருக்கிறது என்று டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி கணக்கிலேயே வராது. தினமும் அந்தக் கதவோரம் உட்கார்ந்து போகிறவள் உரிமையாளரும் இல்லை.

டிரைவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

'ஓனர் சிவகாசியில இருக்காரு சார். வண்டிக்கும் எட்டு வருஷம் ஆச்சே' என்று சொல்லிவிட்டு, முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.