செங்கேணி நடந்த தூரம்

‘ஜெய் பீம்’ (2021) படத்தை ஏற்காட்டில் மாணவிகளோடு பார்த்தேன். முடிந்ததும் மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்தி கேட்டாள்: “இது வக்கீல் கதையா மேடம், செங்கேணி கதையா?”

சுவரொட்டியைப் பார்த்தால் வக்கீல் கதை. ஹார்ப்பர் லீயின் அட்டிகஸ் ஃபின்ச்சைப் போல, இங்கும் ஒடுக்கப்பட்டவரின் நியாயம் ஓர் ஆண் வழக்கறிஞரின் அறமாகவே நமக்கு வந்து சேர்கிறது. ஆனால் படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்துச் செங்கேணி நடக்கிறாள். ஜீப் பின்னால் ஊர்கிறது. சமரசப் பணத்தையும் மறுக்கிறாள். அவள் இணங்கியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

சேர்வராயன் மலைக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைத்துக்கொண்டேன். 1992 ஜூனில் அங்கே வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டவர்கள் 18 பெண்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. வழக்கறிஞர்களும் இயக்கமும் துணைநின்றார்கள். அத்தனை ஆண்டுகளும் சாட்சியத்தைச் சுமந்தவர்கள் அந்தப் பெண்கள்.

இறுதிக் காட்சியில் சிறுமி அல்லி, சந்துருவைப் போலக் கால்மேல் கால் போட்டு நாளிதழ் விரிக்கிறாள். அவள் வக்கீலாகட்டும். ஆனால் நிமிர்வை அவள் கற்றது அம்மாவிடம். படம் அதை வக்கீலின் கணக்கில் எழுதிவிடுகிறது.