எல்லைக்கு அப்பால் தேடும் மருத்துவம்: இடுக்கி, பாலக்காடு எல்லைப்புறங்களில் சிறுநீரக நுண்குழல் நோய்கள்

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் கிழக்கு ஓரங்களில் வாழும் மக்கள், சிறுநீரகத்தில் கோளாறு என்ற ஐயம் எழுந்தவுடன் மாநில எல்லையைக் கடந்து தேனி, மதுரை, கோயம்புத்தூர் மருத்துவமனைகளையும், அங்கும் விடை கிடைக்காதபோது வேலூரையும் நாடிச் செல்வது நெடுநாளைய வழக்கமாகும். இந்த வழக்கத்துக்கு நில அமைப்பே முதற்காரணம். குமுளியிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டியிருக்க, மலையிறங்கிக் கூடலூர், கம்பம் வழியாகத் தேனிக்கு வர ஏறத்தாழ 60 கிலோமீட்டரே ஆகிறது. மறையூர் மக்களுக்கு உடுமலைப்பேட்டையும், அட்டப்பாடி மக்களுக்கு ஆனைகட்டி வழியாகக் கோவையும், வாளையாறு, கொழிஞ்சாம்பாறை பகுதியினருக்கு மீண்டும் கோவையும் அவ்வாறே அண்மையில் உள்ளன. இடுக்கி மாவட்டத்துக்குள் இன்றுவரை ரயில்பாதை இல்லை. போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் ரயில் வந்தபோது அது தேனி மாவட்டத்தாருக்கு மட்டுமின்றி, போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத் தொழிலாளருக்கும் பயனளித்தது.

இவ்வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோடுவதற்கு நுண்குழல் நோய்கள் மிகப் பொருத்தமானவை. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. அவ்வளவும் வெளியேறிவிடாமல், வேண்டிய நீரையும் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், பைகார்பனேட் முதலியவற்றையும் மீட்டு இரத்தத்துக்குத் திருப்பித் தந்து, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விடுபவை வடிகட்டியைத் தொடர்ந்து செல்லும் நுண்குழல்கள். இம்மீட்புப் பணியில் பிழை நேர்வதே நுண்குழல் நோய். அமிலத்தை வெளியேற்ற இயலாமல் இரத்தம் அமிலத்தன்மை அடைவது நுண்குழல் அமிலமிகை எனப்படும். பல பொருள்கள் ஒருசேர வீணாவது ஃபான்கோனி நோய்க்குறி. உப்பும் பொட்டாசியமும் கசிந்து போவது பார்ட்டர், கிட்டல்மன் நோய்க்குறிகள். குழந்தை வளராமல் போவதும், கால் எலும்பு வளைவதும், பெரியவர்களுக்கு ஓரிரவில் கைகால் செயலிழப்பதும், மீண்டும் மீண்டும் கல் உண்டாவதும் இவற்றின் முகங்கள்.

இந்நோய்களில் வடிகட்டி நெடுங்காலம் பழுதின்றி இருக்கக்கூடும் என்பதால், சிறுநீரகப் பரிசோதனை என்று ஊர்ப்புற ஆய்வகங்கள் வழக்கமாகச் செய்யும் யூரியா, கிரியாட்டினின் அளவுகள் சரியாகவே வரும். ஆகவே சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை என்ற விடையோடு நோயாளி திரும்புகிறார். குழந்தையாயின் ஊட்டக்குறை என்றோ வைட்டமின் டி குறைவு என்றோ முடிவு கட்டப்படுகிறது. அமிலமிகையால் வளைந்த எலும்புக்கு வைட்டமின் டி மட்டும் மேலும் மேலும் தரப்படும்போது சிறுநீரகத்திலேயே சுண்ணாம்பு படிவது கூடலாம் என்பது இத்தவற்றை வெறும் காலதாமதமாகக் கருத விடுவதில்லை. ஊட்டக்குறையாலும் சிசு மரணங்களாலும் 2013ஆம் ஆண்டில் நாடறிந்த அட்டப்பாடியில், எடை ஏறாத ஒவ்வொரு குழந்தையையும் பசியின் கணக்கிலேயே எழுதும் பழக்கத்துக்குள் இத்தகைய நோய் ஒளிந்துகொள்ள நிறைய இடமுண்டு. அப்பகுதிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையும் நுண்குழலைத் தாக்குவதே: சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைந்த சூழலில் சிவப்பணுக்கள் வளைந்து நுண்நாளங்களை அடைப்பதால், சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் இளவயதிலேயே குன்றி, உடல் எளிதில் நீரிழக்கிறது.

இந்நிலையில் எல்லை கடப்பதன் தலையாய நிறை, சரியான பெயர் கிடைப்பதாகும். இரத்த வாயுப் பரிசோதனை, சிறுநீரின் அமிலகாரத் தன்மை, சிறுநீரில் வெளியேறும் உப்புகளின் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், எடுத்த சிறிது நேரத்துக்குள் செய்யப்பட்டால்தான் நுண்குழல் நோயை இனங்காண முடியும். மலைப்பகுதியில் எடுத்த இரத்தம் மணிக்கணக்கில் ஜீப்பில் பயணம் செய்து ஆய்வகம் சேரும்போது, அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, உண்மையில் தாழ்ந்திருக்கும் அளவை இயல்பானதாகக் காட்டிவிடும். எனவே இரத்தக் குப்பி பயணம் செய்வதைவிட நோயாளி பயணம் செய்வது மேல். இவ்வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலிமையான வாதம் இதுவே.

இரண்டாம் நிறை மொழி. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தோட்டத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். நுண்குழல் நோய்களுள் பல, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து சேர்வதால் தோன்றுபவை; தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு மிகுதி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவுக்குள் நிகழ்ந்தவை. ‘சொந்தத்தில் கட்டியதா?’ என்று தேனியின் மருத்துவர் இயல்பாகக் கேட்கும் கேள்வி, நோயறிதலின் பாதி வழியைக் கடந்துவிடுகிறது.

ஆயினும் அந்த மொழியே ஓரிடத்தில் இடறுகிறது. சிறுநீரகம் பழுதாவதைத் தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘கிட்னியில் உப்பு கூடிவிட்டது’ என்பார்கள். அங்கு உப்பு என்பது யூரியாவையும் கிரியாட்டினினையும் குறிக்கிறது. அச்சொல்லைக் கேட்டுப் பழகிய உறவினர், சிறுநீரக நோயாளி என்று தெரிந்ததும் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கிறார்கள். இளநீர், வாழைப்பழம் ஆகாது என்று விலக்குகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பொருந்தும் இப்பத்தியம், உப்பும் பொட்டாசியமும் கசிந்துபோகும் நோயாளிக்கு நேர்மாறான தீங்கு. வேலூரில் நோயின் பெயரைச் சரியாக அறிந்து திரும்பியவர், வீட்டு அடுக்களையில் தவறான பத்தியத்துக்கு ஆளாவது எல்லை கடந்த பயணத்தின் பயனையே அழித்துவிடுகிறது.

இவ்வழக்கத்தின் மெய்யான குறை இங்குதான் தொடங்குகிறது. நுண்குழல் நோய்க்கான மருந்துகளில் பல மலிவானவை. அமிலமிகைக்குத் தரப்படும் சோடியம் பைகார்பனேட்டும் பொட்டாசியம் சிட்ரேட் கரைசலும் அரிய மருந்துகள் அல்ல. ஆனால் அவற்றை நாள்தோறும் மூன்று நான்கு வேளை, பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். வளரும் குழந்தைக்கு எடை கூடுவதற்கேற்ப அளவை மாற்ற வேண்டும். இரத்த அளவுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருமுறை பயணம் செய்து முடித்துக்கொள்ளும் அறுவை மருத்துவத்துக்கு ஏற்ற வழக்கம், இத்தகைய தொடர் மருத்துவத்தைத் தாங்குவதில்லை. ஒரு நாள் கொழுந்தெடுப்பு போனால் அன்றைய கூலி போகிறது. குழந்தையோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் சேர்ந்து போகிறது. முதல் இரண்டு மறுபரிசோதனைக்குச் செல்பவர்கள், குழந்தை தேறியதுபோல் தோன்றியதும் மூன்றாவதற்குச் செல்லாமல் விடுவதைப் பொறுப்பின்மை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

காகிதங்களும் எல்லையில் நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டையைக் கேட்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாட்டு வீடுகளைத்தான் தேடி வருகிறது. கேரளத்தின் காருண்யா காப்பீடோ அடிப்படையில் உள்நோயாளிக்கானது. நுண்குழல் நோயாளியின் செலவு பெரும்பாலும் வெளிநோயாளிச் செலவு. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாகவே நிதி அளிக்கிறது. அம்மையங்களுள் அடங்கும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் இம்மலைகளுக்குத் தொலைவானவையே. எல்லை மூடப்பட்டால் என்னாகும் என்பதைக் காசர்கோடு காட்டியது: 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம் சாலைகளை அடைத்தபோது, மங்களூரு மருத்துவமனைகளையே நம்பியிருந்த நோயாளிகள் வழியிலேயே தடுக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

எல்லை கடக்கும் மக்களைக் குறை கூறுவதில் பொருளில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது; தோட்ட மருந்தகம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மேல் வளரவில்லை. இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கி, ஏற்பு இழந்து, 2022இல்தான் மீண்டும் மாணவரைச் சேர்த்தது. ஆயினும் ஒவ்வொரு மலையிலும் சிறுநீரக வல்லுநரை அமர்த்துவதும் இதற்கு விடையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் எல்லை கடந்த மருத்துவத்துக்கான நெறியை வகுத்த பின், 2017இல் அரிய சிறுநீரக நோய்களுக்கென மருத்துவமனைகளின் வலையமைப்பு ஒன்றை நிறுவியது. அதன் அடிப்படை, கூடுமானவரை நோயாளியை அலைக்கழிக்காமல் அறிவை அவரிடம் அனுப்புவது. அதே முறையில், நோய்க்குப் பெயரிடும் முதற்பயணம் தேனிக்கோ வேலூருக்கோ ஆகட்டும். பொட்டாசியம், பைகார்பனேட் அளவுகளை உடனே காணும் சிறு கருவி கோட்டத்தறைப் பழங்குடியினர் மருத்துவமனையிலும் குமுளி, மறையூர் போன்ற ஊர்களிலும் இருந்து, அளவு மாற்றத்தைத் தொலைமருத்துவ வழியே அதே மருத்துவர் சொல்வாராயின், மறுபயணங்களில் பெரும்பகுதி தேவையற்றுப் போகும்.

அதுவரையிலும் மிகக் குறைந்த செலவில் செய்யத்தக்கது, நோயாளியின் கையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்தனுப்புவதாகும். கைகால் செயலிழந்து நள்ளிரவில் அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுபவருக்குச் சோர்வு என்றெண்ணி முதலில் ஏற்றப்படுவது குளுக்கோஸாக இருக்கக்கூடும். குளுக்கோஸால் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் அணுக்களுக்குள் தள்ளி, செயலிழப்பை மூச்சுத் தசைவரை கொண்டுசெல்லும் அபாயம் உண்டு. நோயின் பெயரும், ‘முதலில் பொட்டாசியம் பார்க்கவும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம்’ என்ற குறிப்பும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண்ணுமே அந்த அட்டையில் இருக்க வேண்டியவை.