பாசறையில் பசியாறியது யார்?

தாயில்பட்டிப் பள்ளியில் முல்லைப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கூலியில் வளரும் மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, அந்தப் படைவீரருக்குச் சம்பளம் எவ்வளவு?” என்றான்.

103 அடிகளையும் மீண்டும் புரட்டினேன். நப்பூதனார் பொன்வணிகர் மகன், கணக்கறியாதவர் அல்லர். காணீர் அவர் தீட்டிய பாசறையை! மன்னனுக்கு யவனர் அமைத்த இல்லம், அதில் மணிவிளக்கு. யானைக்குக் கரும்பு, நெற்கதிர், இனிய தழை. அதையும் அது தின்னாமல் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது! அம்பு தைத்த குதிரை இரையெடுக்கவில்லையே என்று அரசன் உறக்கமிழக்கிறான்.

வீரனுக்கு? நட்ட ஈட்டியும் நிரைத்த கேடயமுமே வேலி. அவன் உண்டது என்ன, எத்தனை வேளை? ஓர் அடியும் இல்லை. சோற்றுக்கடன் தீர்த்து மாண்டபின்தான் மன்னன் நெஞ்சில் இடம்பெறுகிறான். நள்ளிரவில் தூங்கித் தூங்கி நடக்கும் முதிய காவலர், கவிஞர் கண்ணுக்குத் தூறற்காற்றில் அசையும் பூங்கொடி! அழகிய உவமைதான், மறுக்கவில்லை. முதுமையில் இரவுக்காவல் ஏன் என்று கேட்டாரா?

மறுநாள் மாணவனிடம், “சோறுதான் சம்பளம், அதையும் கடன் என்றே எழுதிவைத்தார்கள்” என்றேன்.

“எங்கள் வீட்டில் வாங்கிய அட்வான்சு மாதிரியா, ஐயா?” என்றான்.